அண்டாவோடு வந்த கால்வலி

எங்க காம்பவுண்டுல எந்தப் பாத்திரமும் காலியா வீடு திரும்பினது கிடையாது. ஒரு கிண்ணம் சீனி வாங்கிட்டுப் போனா, கிண்ணம் திரும்பி வரும்போது அதுல ரெண்டு அதிரசமாச்சும் இருக்கணும், அதிரசம் இல்லையா ஒரு கை முருங்கைக்கீரை, அதுவும் இல்லையா நாலு பச்சை மிளகாய், மாசக் கடைசியில ஒண்ணுமே இல்லாத வீட்டுலகூட ரெண்டு கல்லு உப்பைப் போட்டாவது திருப்பிக் குடுப்பாய்ங்க. காலியாக் குடுத்தா குடுத்தவங்களுக்கும் ஆகாது, வாங்குனவங்களுக்கும் ஆகாதுன்னு இங்க எல்லாருக்கும் ஒரு பிடிவாதம். மதுரை தெப்பக்குளத்துக்குப் பின்னாடி, ஒரு குழாய், ஒரு துவைகல்லு, கீழ அஞ்சு வீடு, அதுல நாலாவது பூட்டிக்கிடக்கு, மாடியில ஒரு வீடு, அம்புட்டுதான் காம்பவுண்டு. நான் மூணாவது வீட்டு பிலோமினா, தையல்காரி. ஜாக்கெட் அளவுல ஒரு இஞ்சு முன்னப்பின்ன ஆனதில்ல, வாய் மட்டும் ரெண்டு இஞ்சு கூடுதல்னு சொல்லுவாய்ங்க, சொல்லிட்டுப் போகட்டும். எதுக்கு இம்புட்டு இழுக்குறேன்னா, அஞ்சாவது வீட்டு இந்திராணி எங்கிட்ட வாங்கிட்டுப் போன அண்டாவைத் திருப்பிக் குடுத்த அன்னைக்கு அதுல அதிரசமும் இல்ல, கீரையும் இல்ல. அவ கால்வலி இருந்துச்சு.

இந்திராணிக்கு நாப்பத்திமூணு வயசு. டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுற வேலை, காலையில கடை திறக்கையில நின்னா ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்கணும், உக்கார ஒரு முக்காலி கிடையாது, சாயச் சுவரு இருந்தாலும் சாயக்கூடாது. புருசன் தவசி ஆட்டோ ஓட்டுறாரு, நல்ல மனுசன், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்துல ஒரு தடவை ஹாரன் அடிச்சு முடிச்சுக்கிருவாரு.

இந்திராணிக்கு ஒரே ஒரு குறை உண்டு. பன்னெண்டாவது படிக்கையில மாவட்டப் போட்டியில மூவாயிரம் மீட்டர் ஓடியிருக்கா, இவளுக்கு முன்னாடி ஒரே ஒரு பிள்ளைதான் ஓடுது, அதுக்கும் மூச்சு வாங்குது, மூணு ரவுண்டு மிச்சம் இருக்கு, அந்த நேரம் பாத்து அவ அப்பா மொபெட்டை மைதானத்துக்குள்ளயே ஓட்டிட்டு வந்து கோட்டுமேல குறுக்க நிப்பாட்டி, "மாப்ள வீட்டுல வந்து உக்காந்துருக்காங்க, ஏறு"ன்னாரு. அந்தக் காலத்துப் பிள்ளை, ஏறிட்டா. புழுதிக் காலோட சேலையைச் சுத்திக்கிட்டு கேசரித் தட்டை நீட்டுனா, அந்தக் கேசரியை வாங்கித் தின்னவருதான் தவசி. அதைப் பத்தி அவருகிட்ட கேட்டா, "எனக்கு என்னக்கா தெரியும், கேசரி நல்லா இருந்துச்சு"ம்பாரு. அவரு மேலயும் தப்பில்ல, ஆனா அந்த மூணு ரவுண்டு அவளுக்குள்ள ஓடாமலே கிடந்துச்சு. "கனவுல ஓடிக்கிட்டே இருப்பேன்க்கா, முடியுற இடத்துல கட்டுன கயிறு கண்ணுக்குத் தெரியும், உடனே மொபெட் சத்தம் கேக்கும், முழிச்சுக்கிருவேன்"னு எங்கிட்ட சொல்லுவா. சொல்லும்போதெல்லாம் நான் மெஷினை நிப்பாட்டிருவேன்.

அப்படி இருக்கையில ஒரு பல்பொடிக் கம்பெனிக்காரய்ங்க எங்க காம்பவுண்டு கேட்டுல ஒரு போஸ்டரை ஒட்டிட்டுப் போனாய்ங்க. மாசி மாசம் பத்து கிலோமீட்டர் ஓட்டம், ஆணும் பெண்ணும் ஓடலாம், வயசு வரம்பு இல்ல, ஓடுற எல்லாருக்கும் பல்லுப் படம் போட்ட பனியனும் ஒரு டப்பா பல்பொடியும். போஸ்டர்ல ஒரு பொம்பளை நெஞ்சால ரிப்பனை அறுத்துக்கிட்டு வர்ற மாதிரி படம். இந்திராணி வேலைக்குப் போற அவசரத்துலயும் அந்த ரிப்பனையே பாத்துக்கிட்டு நின்னா. தீபாவளிக் கூட்டம் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம், சுடிதாரை மாட்டிக்கிட்டு தெப்பக்குளத்தைச் சுத்தி ஓட ஆரம்பிச்சுட்டா.

ஓடுனது முழுசா ஒரு சுத்து. ஆனா மறுநாள் இருந்த இருப்பு இருக்கே, அதை நான் பாத்தேன். வாசப்படியை முன்பக்கமா இறங்க முடியாம திரும்பி நின்னு ஏணியில இறங்குற மாதிரி இறங்குனா, கீழ விழுந்த சீப்பை எடுக்க முடியாம அது கிடக்கட்டும்னு தலை சீவாமலே கிளம்பிப் போனா, கடையில நாள் பூரா அந்தக் காலோட நின்னுட்டு வந்தவளை தவசி ஆட்டோவுல இருந்து மூட்டை இறக்குற மாதிரி இறக்குனாரு. காம்பவுண்டே வைத்தியம் சொல்லுச்சு. ரெண்டாவது வீட்டுல இட்லி மாவு அரைச்சு விக்கிற பரிமளா வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கச் சொன்னா. முன்வீட்டு ஓனரம்மா நாகரத்தினம் மீன் கடையில ஐஸ் வாங்கி வைக்கச் சொன்னாங்க. குளத்தைச் சுத்தி தினமும் நடக்குற ஸ்கூல் பி.டி. மாஸ்டர் அருள்தாஸ், "இது ஒண்ணும் பண்ணாதும்மா, புதுசா ஓடுனா வலிக்கத்தான் செய்யும், ஒரு நாள் ஓடு, மறுநாள் சும்மா நட, முட்டை தின்னு, நல்லாத் தூங்கு"ன்னாரு. நான் என் பங்குக்கு, வெந்நியில கல்லுப்பும் நொச்சித்தழையும் போட்டு முழங்கால் முங்க ஊற வைடின்னு சொல்லி, கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மட்டும் இறக்குற என் பெரிய அலுமினிய அண்டாவை பரண்ல இருந்து இறக்கிக் குடுத்தேன்.

ராத்திரி ஊறுனா. காலையில வேலைக்குப் போற அவசரத்துல அண்டாவைக் கழுவி எங்க வாசல்ல வச்சுட்டு, "யக்கா, அண்டா"ன்னு குரல் குடுத்துட்டு ஓடிட்டா. எட்டிப் பாத்தேன், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா தூக்குனா கனத்துச்சு. சரி, பிள்ளை மரியாதை தெரிஞ்ச பிள்ளை, காலியாக் குடுக்கலன்னு உள்ள கொண்டுபோயி வச்சுட்டு மெஷின்ல உக்காந்து பெடலை மிதிச்சேன் பாருங்க, ரெண்டு தொடையிலயும் ஒண்ணொண்ணு, கெண்டைக்கால்ல ஒண்ணொண்ணு, சூடு ஆறாத புது வலி. கடையிலயோ இந்திராணி மானுக்குட்டி மாதிரி குதிச்சுக் குதிச்சு மேல்தட்டுச் சேலையெல்லாம் எடுத்துப் போட்டுருக்கா.

சாயந்திரம் விசயம் தெரிஞ்சு அழுதுக்கிட்டே வந்தா. "யக்கா, அவசரத்துல ஒண்ணும் போடாமக் குடுத்துட்டேன், அதான் எங்கிட்ட இருந்தது வந்துருச்சு போல, திருப்பிக் குடுத்துருங்கக்கா."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குற பழக்கம் உங்க வீட்டுல வேணா இருக்கும்"னேன். எனக்கும் ஒரு வீம்பு. ரெண்டு நாள் தரையில உக்காந்து எந்திரிக்க ஏசுவே ஏசுவேன்னு கிடந்தேன், மூணாம் நாள் வலி கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பெடல்ல கால் வச்சா மெஷின் பறக்குது, ஒரு நாள்ல தைக்கிற ஜாக்கெட்டை மத்தியானத்துக்குள்ள தைச்சு முடிச்சுட்டு யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு விசாரிக்கப் போயிட்டேன்.

குழாயடியில இதுதான் பேச்சு. வலி எப்படி அண்டாவுல ஏறுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, கேட்டு என்ன ஆகப்போகுது. எல்லாருக்கும் இருந்த கோவம் வேற. "பிலோமிக்கா வீட்டுக்கு மட்டும் குடுப்பா, நம்ம வீட்டுல பாத்திரம் இல்லையா, அவங்க அண்டா மட்டும் என்ன தங்கமா"ன்னு பரிமளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. நாகரத்தினம் அம்மா, "நான் வீட்டுக்காரி, முதல்ல எனக்குக் குடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு"ன்னு சட்டம் பேசுனாங்க. பலகாரம் பண்ணி ஒரு வீட்டை விட்டா எம்புட்டுப் பெரிய சண்டை வருமோ அம்புட்டுப் பெரிய சண்டை வந்துச்சு, கடைசியில கிழமை பிரிச்சுக்கிட்டோம். செவ்வாய் பரிமளாவோட குத்துப்போணி, வியாழன் என் அண்டா, சனி ஓனரம்மாவோட பித்தளைத் தவலை. ஞாயித்துக்கிழமைதான் இந்திராணி நீளமா ஓடுற நாள், வலியும் நிறைய, அதை யாரு வாங்குறதுன்னு எல்லாரும் துவைகல்லைப் பாத்துக்கிட்டு நிக்கையில மாடியில இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"எனக்குக் குடுங்கம்மா. எனக்கு வேற என்ன சோலி."

சங்கரலிங்கம் சார். ரிட்டயர்டு ஆன மறுமாசம் படியில வழுக்கி விழுந்து, எலும்பு கூடுனாலும் பயம் போகாம, ஆறு வருசமா மாடியை விட்டு இறங்காத மனுசன். பாலு, பேப்பர், காய்கறி எல்லாம் ஒரு வாளியைக் கயித்துல கட்டி இறக்கித்தான் தூக்குவாரு. அந்த வாளி ஞாயித்துக்கிழமை காலையில இறங்குச்சு, சாயந்திரம் இந்திராணி அதுல காலை ஊற வச்சுக் கழுவிக் கட்டிவிட்டா, அவரு மேல நின்னு கயித்தை இழுக்கையிலயே கனம் தாங்காம "அம்மாடி"ன்னாரு. அன்னைக்கு ராப்பூரா அவரு அனத்துனது கீழ எல்லா வீட்டுக்கும் கேட்டுச்சு. மறுவாரமும் வாளி இறங்குச்சு.

அப்புறம் அது பழகிப்போச்சு. இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கே, சரியா ஓடலையான்னு பரிமளா குறை சொல்லுவா. விருந்தாளி வர்ற வாரம் ஓனரம்மா, "எனக்கு இந்த வாரம் ஒரு கெண்டைக்கால் போதும், மிச்சத்தைப் பிலோமிக்கு ஊத்திரு"ம்பாங்க. பரிமளா ஒரு தடவை தன் பங்குல பாதியை டிபன் கேரியர்ல போட்டு மேலூர்ல இருக்குற மாமியாருக்குக் குடுத்தனுப்புனா, அங்க இருந்து கேரியர் திரும்பி வந்தப்ப ஒரு வாரத்துக்குத் தலையைத் தூக்க முடியாத தலைவலி இருந்துச்சு, அவங்களும் காலியா அனுப்புறவங்க இல்ல. நான் எங்க சர்ச்சுப் பங்குச் சாமிகிட்ட போயி இது பாவமான்னு கேட்டேன். அடுத்தவங்க வலியைச் சுமக்குறது நல்ல காரியம்தான், பூசையில முழங்கால் போட முடியுதான்னு மட்டும் பாத்துக்கன்னாரு.

கார்த்திகை முடியுறதுக்குள்ள காம்பவுண்டே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. பரிமளா மாவு வாளியோட ஓடுற பஸ்ஸைப் பிடிக்கிறா. ஓனரம்மா திருப்பரங்குன்றம் மலையில உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்து, ஏறாதவளை எல்லாம் ஒரு பார்வை பாத்தாங்க. எங்க வீட்டுல பெடல் மிதிக்கிற வேகத்துல மெஷினுக்கு ரெண்டு தடவை பெல்ட்டு அறுந்துச்சு. ஒருநாள் காலையில படியில சத்தம் கேட்டு எல்லாரும் வெளிய வந்து பாத்தா, சங்கரலிங்கம் சார் வெள்ளை வேட்டி கட்டி, கைப்பிடியைக்கூடப் பிடிக்காம, ஒவ்வொரு படியா இறங்கி வர்றாரு. நேரா தெருமுனை டீக்கடைக்குப் போயி, ஒரு டீயை நின்னுக்கிட்டே குடிச்சுட்டு, திரும்ப ஏறிப் போயிட்டாரு. அன்னைக்கு நான் ஜாக்கெட்டுக்கு கைய மாத்தி வச்சுத் தைச்சேன், கண்ணு கலங்குனா ஊசி எங்க தெரியும்.

எல்லாருக்கும் நல்லது நடந்துச்சு, இந்திராணிக்குத்தான் ஒண்ணும் நடக்கல. வலியே இல்லாம ஓடுறா, ஒருநாளும் முகம் சுளிக்கல, ஆனா முதல் நாள் எந்த இடத்துல மூச்சு முட்டுச்சோ அதே இடத்துல, மாரியம்மன் கோயில் எதுக்க, மார்கழியிலயும் முட்டுது. அருள்தாஸ் மாஸ்டருக்கு இது விளங்கல. நான் அன்னைக்கு அளவு எடுக்கப் போன வீட்டுல இருந்து குளத்தைச் சுத்தி வந்துக்கிட்டு இருந்தேன், பக்கத்துலயே நின்னு கேட்டேன்.

"ஓடுன மறுநாள் வலிக்குதாம்மா?"

"இல்ல சார். ஒருநாளும் வலிச்சதில்ல."

"வலிக்காம எப்படி? வலி எங்க போகுது?"

"காம்பவுண்டுல இருக்கு சார்."

மாஸ்டர் குனிஞ்சு அவ கெண்டைக்காலை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "அப்ப உன் காலும் அங்கதாம்மா இருக்கும். ஓடும்போது சதை நைஞ்சு போகும், வலிச்சு வலிச்சு ஆறையிலதான் அது கெட்டிப்படும். வலி எங்க ஆறுதோ அங்கதான் பலம் சேரும். மாசிக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கு. இந்தக் காலோட நீ பாதி தூரம்கூடப் போக மாட்ட."

இந்திராணி அழல. கரைச் சுவத்துல உக்காந்துட்டா. "இந்தத் தடவையும் நடுவுலயே நின்னுருமாக்கா"ன்னா. நான் அவ கையைப் பிடிச்சு எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

சாயந்திரம் குழாயடியில விசயத்தைப் போட்டு உடைச்சேன். அவ காலு நம்ம எல்லார்கிட்டயும் பிரிஞ்சு கிடக்கு, வலியா வந்தது வலியாவே போனாலும் திருப்பிக் குடுக்கணும்னேன். உடனே பரிமளாவுக்கு அடுப்புல பால் பொங்குற ஞாபகம் வந்துருச்சு. ஓனரம்மா, "குடுத்ததைத் திருப்பிக் கேக்குற பழக்கம் இல்லன்னு நீதானடி சொன்ன"ன்னு என் வார்த்தையை என் தலையிலயே போட்டாங்க. ஏன் பொய் சொல்லணும், எனக்கும் மனசில்ல, மெஷின் அம்புட்டு வேகமா ஓடுச்சு. ஆனா அவ கரைச் சுவத்துல உக்காந்திருந்த இருப்பு என் கண்ணை விட்டுப் போகல. முதல்ல நான் குடுக்குறேன்னேன்.

எப்படிக் குடுக்குறதுங்கறதுதான் அடுத்த சிக்கல். என் அண்டாவுல நானே காலை ஊற வச்சுக் குடுத்தா அது அவ வீட்டுக்குப் போகல, என் வீட்டுக்கே வருது. வாங்குன பாத்திரத்துலதான் போகும், அப்ப அவ வீட்டுப் பாத்திரத்தை நாங்க வாங்கித்தான் திருப்பிக் குடுக்கணும். அவ வீட்டுல என்ன இருக்கு, ரெண்டு பேரு பொங்கித் திங்கிற வீடு, ஒரு குக்கர், ஒரு இட்லிச் சட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, அந்த வாளியும் ஓட்டை. ஆனதுக்கு நான் இட்லிச் சட்டியில ஒவ்வொரு காலா ஊற வச்சேன். பரிமளா என்னைப் பாத்து வெக்கப்பட்டுக்கிட்டு குக்கரை வாங்கிட்டுப் போனா. அவ கால் உள்ள போயிருச்சு, வெளிய வரல, தவசி வந்து எண்ணெய் ஊத்தி உருவி விட்டாரு. ஓனரம்மா ஓட்டை வாளியை அடைச்சு வாங்குனாங்க, திருப்பிக் குடுக்கையில வலியோட சேத்துத் தன் பழைய முதுகுவலியையும் உள்ள தள்ளிவிட்டுட்டாங்க. நான் வாளியைத் தூக்கிப் பாத்தேன், கனம் சரியில்லையேன்னு பிடிச்சுட்டேன், அப்படியே திருப்பி விட்டு முதுகுவலியை எடுத்துக்கிட்டு வரச் சொன்னேன். வெறும் வலியை மட்டும் குடுக்க ஒருத்தருக்கும் மனசு வராம, கூடவே சீடை, எலுமிச்சங்காய் ஊறுகாய், ஒரு டசன் முட்டைன்னு வச்சுக் குடுத்தோம்.

சங்கரலிங்கம் சார் மட்டும் கதவைத் திறக்கல. வாளியும் இறங்கல. அவருகிட்டதான் அத்தனை ஞாயித்துக்கிழமையும் இருக்கு, அது இல்லாம இந்தக் காலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இந்திராணி மாடி ஏறிப் போனா, நானும் பின்னாடியே போனேன், சும்மா இருக்க முடியுமா.

"எனக்குத் தெரியும்மா எதுக்கு வந்திருக்கன்னு"ன்னாரு ஜன்னல் வழியா. "நான் ஆறு வருசமா இந்த மாடியில கிடந்தேன். இப்பத்தான் தெருவைப் பாக்குறேன். டீக்கடைக்காரன் பேரு கேட்டு வச்சிருக்கேன்."

"தெரியும் சார்."

"மூணு ரவுண்டுதானம்மா உனக்கு மிச்சம். மெதுவா நடந்தே முடிச்சுக்கக் கூடாதா?"

"நீங்க ஆறு வருசமா மாடியில இருந்தீங்க சார்"ன்னா இந்திராணி. குரல்ல கோவமே இல்ல. "நான் இருபத்தஞ்சு வருசமா அந்த மைதானத்துலயே நிக்கிறேன். எனக்கு ஒரே ஒரு தடவை கயித்தைத் தாண்டணும். தாண்டிட்டா அப்புறம் எனக்கு எதுக்கு சார் இம்புட்டு காலு, ஞாயித்துக்கிழமை பூரா உங்களுக்குத்தான். வாளியை இறக்குங்க, நான் நிரப்பி விடுறேன்."

நாங்க இறங்கிட்டோம். மறுநாள் காலையில படியில சத்தம் கேட்டுச்சு. வெள்ளை வேட்டி, கைப்பிடியைப் பிடிக்காம இறங்குனாரு, டீக்கடைக்குப் போனாரு, வழக்கமா ஒரு டீ, அன்னைக்கு ரெண்டு குடிச்சாரு, நின்னு நிதானமா தெருவை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் பாத்தாரு. திரும்பி வரும்போது இந்திராணி வீட்டு வாசல்ல நின்னு, "அந்த இட்லிச் சட்டியைக் குடும்மா"ன்னு வாங்கிட்டு ஏறிப் போனாரு. சாயந்திரம் சட்டி கயித்துல தொங்கிக்கிட்டு இறங்கி வந்துச்சு, உள்ள ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்துச்சு.

மூணு மாச வலி ஒரே ராத்திரியில இந்திராணி மேல இறங்குச்சு. யம்மா, அந்த அனத்தலை நீங்க கேட்டுருக்கணும். கடைக்கு அம்மை போட்டுருக்குன்னு சொல்லி லீவு சொன்னோம். எந்திரிக்க முடியல, புரள முடியல, தும்முனாக்கூட தொடையில வலிக்குதுன்னு தும்மலை அடக்கிக்கிட்டுக் கிடந்தா. தவசி வெந்நி வச்சாரு, எண்ணெய் தேச்சாரு, பேசாத மனுசன் அவ தலைமாட்டுல உக்காந்து ஊரு உலகத்துக் கதையெல்லாம் பேசுனாரு. நாங்க முறை வச்சு முட்டையும் கறிச்சாறும் குடுத்தோம். அருள்தாஸ் மாஸ்டர் வந்து பாத்துட்டு, தூங்கட்டும், தூங்குனா ஆறும்னுட்டுப் போனாரு. பொங்கல் கழிஞ்சு ஒருநாள் எந்திரிச்சு உக்காந்தா, மறுநாள் நடந்தா, அதுக்கு அடுத்த வாரம் மாரியம்மன் கோயில் எதுக்க மூச்சு முட்டாமத் தாண்டிப் போனவ, திரும்பிப் பாத்துட்டு நடுரோட்டுல உக்காந்து சிரிச்சா. எங்க மெஷின் பழைய மாதிரி முக்கி முனகி ஓட ஆரம்பிச்சுருச்சு, பரிமளாவை விட்டுட்டு பஸ் போக ஆரம்பிச்சுருச்சு.

ஓட்டத்தன்னைக்கு தவசி எங்களை எல்லாம் ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயி முடியுற இடத்துல இறக்கிவிட்டாரு. சங்கரலிங்கம் சாரை பிளாஸ்டிக் சேரோட தூக்கி இறக்கியிருந்தோம், சேரோடவே கொண்டு போனோம். இளவட்டம் எல்லாம் வந்து ரிப்பனை அறுத்து, பல்பொடி வாங்கி, படம் எடுத்துட்டுப் போயிட்டாய்ங்க. வெயில் ஏறிருச்சு. கம்பெனிக்காரய்ங்க கோட்டுக்கு மேல நிறுத்துன துணி வளைவைக் கழட்ட ஆரம்பிச்சாய்ங்க, ரிப்பனைச் சுருட்டிப் பெட்டியில போட்டுட்டாய்ங்க. ஒரு ஆளு வரணும்யா, கொஞ்சம் இருங்கன்னு பரிமளா சண்டை போட்டா, எங்களுக்கு மண்டபத்துல இன்னொரு சோலி இருக்குன்னு வளைவை மடிச்சு வண்டியில ஏத்திட்டாய்ங்க. தவசி ஆட்டோவைத் திருப்பிக்கிட்டு அவளைத் தேடிப் போனாரு.

மிச்சம் நடந்ததைத் தவசிதான் எனக்குச் சொன்னாரு. கிட்டத்தட்ட ஒம்பது கிலோமீட்டரு நல்லாத்தான் ஓடியிருக்கா. சரியா மூணு ரவுண்டு தூரம் மிச்சம் இருக்குற இடத்துல, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சு, ரோட்டு ஓரமா ஒரு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கா. இவரு பக்கத்துல போயி ஆட்டோவை நிப்பாட்டிருக்காரு. அவ வலியில முகம் வெளுத்துப் போயிருக்கிறதைப் பாத்து, பாவம் மனசு கேக்காம, "ஏறு"ன்னுருக்காரு.

அவ அவரைத் திரும்பிப் பாத்துருக்கா. "ஏங்க, அன்னைக்கும் ஏறித்தான் உங்களுக்குக் கேசரி குடுத்தேன்."

அம்புட்டுதான் சொன்னாளாம். தவசி ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டாரு. இறங்கி, செருப்பைக் கழட்டி சீட்டுல வச்சுட்டு, மண்டி போட்டு அவ கெண்டைக்காலை நீவி விட்டுட்டு, "வா, நானும் வர்றேன்"னுட்டு, காக்கிச் சட்டையோட, வெறும் காலோட, அந்த வெயில்ல அவ பின்னாடியே ஓட ஆரம்பிச்சுருக்காரு. பொண்டாட்டியைப் பிடிக்கத் தொரத்துறான்னு நினைச்சு ஒரு போலீஸ்காரரு வேற நிப்பாட்டப் பாத்துருக்காரு.

நாங்க தூரத்துல ரெண்டு புள்ளியா அவங்களைப் பாத்தோம். இங்க வளைவு இல்ல, ரிப்பன் இல்ல, ரோட்டுல ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடக்கு. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. கழுத்துல தொங்குன இஞ்சு டேப்பை உருவி ஒரு நுனியை சங்கரலிங்கம் சார் கையில குடுத்தேன், மறு நுனியை நான் பிடிச்சுக்கிட்டேன். சாரு சேரை விட்டு எந்திரிச்சாரு. பரிமளா தோளைப் பிடிச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே பிடிச்சாரு. இந்திராணி கண்ணு அந்த டேப்பை விட்டு அங்கிட்டு இங்கிட்டு போகல. நெஞ்சால வந்து மோதுனா, டேப்பு என் கையை விட்டுப் பறந்து அவ மேல சுத்திக்கிச்சு. கோட்டைத் தாண்டி நாலு எட்டு போயி நின்னா. திரும்பித் தரையைப் பாத்தா. "முடிஞ்சுருச்சுல்லக்கா"ன்னு கேட்டா. முடிஞ்சுருச்சுடின்னேன். அப்புறம்தான் அழுதா, எல்லாரும் அழுதோம், தவசி மட்டும் கொதிக்கிற தார்ல நிக்க முடியாம ஒத்தக்கால் மாத்தி ஒத்தக்காலா குதிச்சுக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்குச் சாயந்திரம் அண்டா கேட்டு வந்தா. குடுத்தேன். ராத்திரி ரெண்டு பேரும் எதுத்தாப்புல உக்காந்து நாலு காலையும் அதுக்குள்ள ஊற வச்சுருந்ததை ஜன்னல் வழியாப் பாத்தேன், பாக்காம இருப்பேனா. காலையில நான் மெஷின்ல உக்காரல. பத்து கிலோமீட்டர் வலி, பெரிய வலி, வந்தா ரெண்டு நாள் படுக்கணும், அதுக்காகத் துணியெல்லாம் முன்கூட்டியே தைச்சுக் குடுத்துட்டு, சொல்லப்போனா கொஞ்சம் ஆசையாவே காத்துக்கிட்டு இருந்தேன்.

அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் ஆ ஊன்னு சொல்லிக்கிட்டு, பல்லுப் படம் போட்ட பனியனோட வந்தா. அண்டாவை நீட்டுனா. வாங்குனேன், கனமே இல்ல. உள்ள எட்டிப் பாத்தேன், கையை விட்டும் தடவிப் பாத்தேன், கழுவித் தொடைச்சு வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு.

"என்னடி, காலியா இருக்கு?"

"அடுத்த வாரத்துலருந்து எல்லாருக்கும் வழக்கம்போல வந்துரும்க்கா. சார்கிட்டயும் சொல்லிட்டேன்"னா இந்திராணி. "இன்னைக்குது மட்டும் எனக்கு."

அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, அனத்திக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே திரும்பிப் போனா. எங்க காம்பவுண்டுல முதமுதலா காலியா வந்த பாத்திரம் அதுதான். எப்பவும் கழுவுன அண்டாவைக் கவுத்தித்தான் வைப்பேன், அன்னைக்கு அந்தக் காலியும் அவ குடுத்ததுதானேன்னு நிமித்தியே வச்சேன்.